நிலத்தடி நீரும் எமது தீவகமும்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

கல்விச் சங்கமொன்றின் வெள்ளி விழாவிலே தண்ணீரைப் பற்றிப் பேசுவது பொருத்தமோ எனச் சிலர் எண்ணக்கூடும். பாடசாலை, பரீட்சை, பல்கலைக்கழக அனுமதி, தொழில் வாய்ப்பு என்பவையே இம்மேடைக்கு உரிய பொருள்கள் என்பது வழக்கம். அவற்றை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும், கற்ற பிள்ளை வாழ்வதற்கு ஊர் வேண்டும். ஊர் நிலைப்பதற்குக் குடிதண்ணீர் வேண்டும். எமது தீவுகளிலே கிணற்று நீர் ஆண்டுக்காண்டு சவர் ஏறிக்கொண்டு போகுமாயின், இன்னும் ஒரு தலைமுறைக்குப் பின் இச்சங்கம் யாருக்குக் கல்வி புகட்டும் என்னும் வினா எழுகின்றது. ஆதலால், இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுற்ற இந்நாளில் இதனைப் பேசுவது எமது கடமையெனக் கொள்கின்றோம்.

தண்ணீர் எமது சமூகத்துக்குப் புதிய பொருளன்று. யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் கிணற்றடியைத் தாண்டிச் செல்ல முடியாது. ஊரின் நல்ல தண்ணீர்க் கிணற்றிலே எம் முன்னோர் வாளி போட முடியாதிருந்தது. கிணற்றுக் கட்டுக்கு அப்பால் குடத்துடன் காத்து நின்று, "நயினார்" யாரேனும் வந்து அள்ளி ஊற்றும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அவர் வர நேரமானால் வீட்டிலே உலை ஏறாது. வராவிட்டால் பிள்ளைகள் சவர்த் தண்ணீரையே குடித்தார்கள். அதே வேளையில், மேட்டுக்குடியினரின் தோட்டங்களுக்குத் துலா மிதித்தவர்களும், வாய்க்காலிலே தண்ணீர் மாறியவர்களும், கிணறு வெட்டக் கல் உடைத்தவர்களும் எம்மவரே. நீரை மேலே கொண்டுவரும் உழைப்பு எமது. அந்நீரைத் தொடும் உரிமை எமதன்று என்ற நிலை நீண்ட காலம் நிலவியது. எழுத்தாளர் கே. டானியல் அவர்கள் தமது நாவல்களுள் ஒன்றுக்குத் "தண்ணீர்" என்றே பெயரிட்டமை தற்செயலன்று.

இந்தியாவிலும் இதுவே நிலை. 1923 இல் பம்பாய்ச் சட்டசபை, பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோர் எனப்பட்டோருக்கும் உரியவை எனத் தீர்மானித்தது. ஆனால் ஏட்டிலே எழுதிய தீர்மானம் குடத்தை நிரப்பவில்லை. 1927 மார்ச் 20 ஆம் நாள் மகாத் நகரிலே டாக்டர் அம்பேத்கர் அவர்கள் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடந்து சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகிய பின்னரே அவ்வுரிமை நாடறிந்த செய்தியாயிற்று. அதன் பின்னரும் வழக்கு நீண்டு, 1937 இலேதான் பம்பாய் உயர் நீதிமன்றம் எமது பக்கம் தீர்ப்பளித்தது. இலங்கையிலே 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் சாதி காரணமாகப் பொது இடங்களில் தடை விதிப்பதைக் குற்றமாக்கிற்று. அச்சட்டத்துக்கு உயிரூட்டியது 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதன்பின் எழுந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களுமேயாகும். இவ்வாறு அரும்பாடுபட்டுப் பெற்ற உரிமையின் பொருள் யாது? வாளி போடும் உரிமை கிடைத்த பின்னர், அவ்வாளியிலே வருவது உப்பு நீராயின் அவ்வுரிமையால் விளையும் பயன் யாது? இன்றைய எமது வினா இதுவே.

இனி, எமது காலடியிலே நீர் எவ்வாறு இருக்கின்றது என்பதைச் சற்று விளங்கிக் கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றே குடாநாட்டில் உண்டு, தீவகத்தில் அதுவுமில்லை. ஆண்டிலே ஏறத்தாழ 1,000 முதல் 1,250 மில்லிமீற்றர் வரை மழை பெய்கின்றது. அதிலும் பெரும் பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலான மூன்று மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடுகின்றது. அம்மழையிலே நிலத்துள் இறங்கும் பங்குதான் எமது முழுச் செல்வமும். நிலத்தின் கீழே இருப்பது மயோசின் காலத்துச் சுண்ணாம்புக் கல். அது வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்தது. நீரை விரைவாக உள்வாங்கும், அதே விரைவுடன் கடலுக்கும் விட்டுவிடும்.

உள்ளே இறங்கிய மழைநீர் அங்கே தனியாக இருப்பதில்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவிலே, நிலத்தின் அடியிலும் கடல் நீர் ஊடுருவி நிற்கின்றது. நன்னீர் எடை குறைந்தது; உப்பு நீர் எடை கூடியது. எனவே நன்னீர் உப்பு நீரின் மேலே மிதந்து நிற்கின்றது. நடுவிலே தடித்தும் கரையோரம் மெலிந்தும் இருக்கும் இந்நீரை அறிஞர் நன்னீர் வில்லை என்பர். நெதர்லாந்தைச் சேர்ந்த கைபன் 1888 ஐ ஒட்டியும், ஜேர்மனியைச் சேர்ந்த ஹேர்ஸ்பேர்க் 1901 இலும் தனித்தனியே கண்டுரைத்த விதியொன்று உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பதே அது.

இது கேட்பதற்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் அதன் மறுபுறம் அச்சம் தருவது. அளவுக்கு மீறி இறைத்து, நன்னீரின் மேல்மட்டம் ஓரடி தாழுமானால், கீழேயுள்ள உப்பு நீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலே ஏற இடமுண்டு. அதிலும் ஒரே இடத்தில் ஆழமாகத் துளைத்துப் பலமான இயந்திரத்தால் இழுத்தால், அந்த இடத்துக்கு நேர் கீழே உப்பு நீர் கூம்புபோல் எழும்பி வந்து குழாயைத் தொடும். கடல் நீரின் ஒரு லீற்றரிலே ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட் உண்டு. குடிநீரிலோ 250 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் நாக்கு அதனை உணரத் தொடங்கும். ஆகவே, நூறு குடம் நல்ல தண்ணீரிலே இரண்டு குடம் கடல் நீர் கலந்தாலே போதும், அது நல்ல தண்ணீர் என்ற பெயரை இழந்துவிடும். ஒருமுறை சவரான கிணறு மீண்டும் தெளிய எத்தனை மாரிகள் வேண்டுமென எவராலும் உறுதி கூற இயலாது.

புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். வற்றாத கிணறு, அடி காணாத கிணறு என்று அதனைப் போற்றுவது வழக்கம். ஆனால் அந்த நீரும் மேலே நன்னீராகவும், ஆழம் செல்லச் செல்ல உப்பாகவுமே இருக்கின்றது. ஆழமாகத் துளைத்தால் நிறைய நல்ல தண்ணீர் வரும் என்னும் எண்ணம் மலைநாட்டுக்குப் பொருந்தினாலும் பொருந்தலாம். எமது தீவுகளுக்கு அது சற்றும் பொருந்தாது. முன்னோர் இதனைக் கல்வெட்டுப் போல அறிந்திருந்தார்கள். மணற்பாங்கான இடங்களிலே ஆழமற்ற பூவல் தோண்டி, மேலே மிதக்கும் நீரை மட்டும் மெல்ல அள்ளினார்கள். துலாவினாலே ஒரு நாளில் இறைக்கக்கூடியது மனித உடலின் வலிமைக்கு உட்பட்ட அளவே. ஆகவே கிணற்றுக்கு ஊறுவதற்கு நேரம் கிடைத்தது. பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. 1970 ஆம் ஆண்டை அடுத்து வந்த இறக்குமதித் தடைக் காலத்தில் வெங்காயமும் மிளகாயும் பொன்போல் விற்றன. இரவும் பகலும் இயந்திரங்கள் இரைந்தன. துலா மிதித்தவனுடைய முதுகு ஓய்ந்தது நல்லதே. துலாவின் காலம் மீண்டும் வரவேண்டுமென எமது சமூகத்தில் எவரும் கேட்கமாட்டோம். ஆனால் துலா தன்னையறியாமலே காத்து வந்த அளவை, இனி அறிவினாலும் கட்டுப்பாட்டினாலும் நாமே காக்க வேண்டியிருக்கின்றது.

சவர் ஒன்றே கேடு அன்று. உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று மற்றொரு கேடு. ஒரு லீற்றரிலே 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளிலே அந்த எல்லையைக் கடந்த கிணறுகள் பல உள்ளன என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. போத்தற்பால் அருந்தும் பச்சிளங் குழந்தைகளின் இரத்தத்தையே அது பாதிக்க வல்லது. நீரைக் கொதிக்கவைத்தாலும் அது போகாது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே அழுக்கு எத்திசையிற் செல்லும் என்று எவரும் முன்கூட்டியே சொல்ல முடியாது. ஒன்றிரண்டு பரப்புக் காணிக்குள்ளே வீடும், கிணறும், மலசலகூடக் குழியும் அடுத்தடுத்து அமைந்திருப்பது யாருடைய குடியிருப்புகளில் என எண்ணிப் பாருங்கள். மேட்டு நிலமும் நல்ல ஊற்றும் ஒருபுறமிருக்க, கடலோரத் தாழ்நிலத்திலே நெருக்கமாகக் குடியமர்த்தப்பட்டவர்கள் எம்மவரே. நன்னீர் வில்லை கரையோரம் மெலிந்திருக்கும் என்று கூறினோமல்லவா? ஆதலால் தீவின் நீர் கெடும்போது முதலிற் கெடுவது எமது கிணறு. நடுவிலே வில்லையின் தடித்த பகுதியில் இருப்பவர்களின் கிணறு இறுதியிலேயே கெடும். அழித்தவர் யாராயினும், தண்டனை முதலில் எமது குடத்துக்கே வருகின்றது. இது சாதி வகுத்த நில அமைப்பும் இயற்கையின் விதியும் கூடிச் செய்யும் அநீதியாகும்.

சுன்னாகத்திலே மின்சார நிலையமொன்றின் கழிவு எண்ணெய் கிணறுகளிற் கலந்த செய்தி நாடறிந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்பிரலில் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா வழங்குமாறு தீர்ப்பாயிற்று. மக்கள் விழித்திருந்தால் நீதி கிடைக்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் எத்தனை ஆண்டுகள் பவுசர் வண்டியை எதிர்பார்த்து அம்மக்கள் தெருவிலே நின்றார்கள் என்பதையும் மறத்தலாகாது. பணம் கிணற்றைக் கழுவ உதவலாம். நிலத்தின் வயிற்றைக் கழுவ எந்தப் பணமும் போதாது.

"கவலை வேண்டாம், கடல் நீரை நன்னீராக்கலாம், குழாயிலே தண்ணீர் வரும்" என்று கூறுவோர் உளர். நாம் விஞ்ஞானத்துக்கு எதிரிகள் அல்லர். வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடிய நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. நயினாதீவு, நெடுந்தீவு போன்ற இடங்களிலும் சிறு நிலையங்கள் இயங்கி, தாகத்துக்கு உதவியிருக்கின்றன. இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் எண்ணம் எழுந்தபோது, கிளிநொச்சி விவசாயிகள் தமது வயலின் கதி என்னவென்று நியாயமாகவே கேட்டார்கள். கடலை நாடியபோது, மிஞ்சும் செறிந்த உப்பு நீர் தமது மீன்பாட்டை என்ன செய்யும் என மீனவரும் கேட்டார்கள். நன்னீராக்குதலுக்கு மின்சாரம் வேண்டும், வடிகட்டிகள் வேண்டும், பழுது பார்ப்போர் வேண்டும், பணம் வேண்டும்.

மாலைதீவின் தலைநகராகிய மாலேயை நோக்குங்கள். அதுவும் எமது தீவுகளைப் போல நன்னீர் வில்லையொன்றின் மேல் இருந்த ஊரே. மக்கள் பெருகி, கட்டடங்கள் நெருங்கி, அந்த நீர் குடிக்க உதவாததாகவே, கடல் நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தையே அந்நகர் முற்றாக நம்பியது. 2014 டிசெம்பர் 4 ஆம் நாள் அந்நிலையத்திலே தீப்பற்றியது. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் ஒரே நாளில் குடிநீரற்றவராயினர். இந்தியாவும் இலங்கையும் பிற நாடுகளும் விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப நேர்ந்தது. ஒரு நாட்டின் தலைநகருக்கு விமானத்திலே தண்ணீர் வரும். தீவகத்தின் கோடியிலுள்ள எமது குடியிருப்புக்கு யார் அனுப்புவார்? குழாய் நீர் வரட்டும்; ஆனால் குழாய் வந்த நாளில் கிணற்றைக் கைவிடும் பிழையை நாம் செய்யலாகாது.

இவ்விடத்திலே இன்னொரு கேள்வியையும் நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும். நிலத்தடி நீரைக் காப்பதென்றால் தீவின் கிராமத் தன்மையையும் காக்க வேண்டும். பனந்தோப்பும் வடலியும், தரவையும் குளமும், கேணியும் துரவும், மணற்திட்டும் இருந்தாலன்றி மழைநீர் மண்ணுக்குள் இறங்காது. மணலை அள்ளி விற்றால் வடிகட்டி போய்விடும். கல்லை அகழ்ந்தால் கடலுக்கு வாசல் திறந்துவிடும். முற்றம் முழுவதும் சீமெந்து பூசினால் மழை வீதி வழியே கடலைச் சேரும். கனடாவின் மேற்குக் கரையிலே வன்கூவருக்கு அண்மையிலுள்ள சிறு தீவுகளில் 1960 களிலே காணிகளைத் துண்டு துண்டாக்கி விற்கும் வியாபாரம் பெருகியது. அப்போது பிரித்தானிய கொலம்பிய மாகாண அரசு அதனைக் கட்டுப்படுத்தி, 1974 இல் அத்தீவுகளைக் காப்பதற்கென்றே தனிச் சட்டமும் அமைப்பும் உண்டாக்கியது. தீவு தாங்கக்கூடிய அளவை அறிந்து குடியேற்றத்தை வரையறுக்க வேண்டும் என்னும் எண்ணத்தை உலகம் ஏற்றுக்கொண்டமைக்கு அது ஒரு சான்று. எமது தீவக மக்கள் பலர் இன்று அந்த நாட்டிலேயே வாழ்கின்றார்கள் என்பதும் நினைக்கத்தக்கது.

ஆனால் "கிராமத்தின் தன்மையைக் காப்போம்" என்னும் சொல்லைக் கேட்கும்போது எமது சமூகத்தவர் சற்றுத் தயங்கவே செய்வர். அத்தயக்கம் நியாயமானது. 1948 நவம்பரில் இந்திய அரசியல் நிர்ணய சபையிலே, கிராமத்தைப் போற்றிப் பேசியவர்களுக்கு மறுமொழியாக, கிராமம் குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமென்று அம்பேத்கர் அவர்கள் கடிந்துரைத்தார். யாருடைய கிராமம், எந்தத் தன்மை என்று நாமும் கேட்க வேண்டும். ஒதுக்கப்பட்ட சுடலையும், ஒதுக்கப்பட்ட தெருவும், ஒதுக்கப்பட்ட கிணறும் அந்தத் தன்மையின் பகுதியாயின் அவை காக்கப்பட வேண்டியவையல்ல, புதைக்கப்பட வேண்டியவை. "தீவு இதற்கு மேல் ஆட்களைத் தாங்காது" என்ற நியாயத்தைக் கூறி, ஒன்றரைப் பரப்பிலே மூன்று குடும்பமாக இருக்கும் எம்மவருக்குக் காணி மறுப்பதற்கும் எவரும் முற்படலாம். அதற்கு நாம் இடமளியோம். நாம் காக்க விரும்புவது பனையை, குளத்தை, மண்ணை, நீரை. அவற்றின் மேல் எல்லோருக்கும் உள்ள சம உரிமையை. இவ்விரண்டையும் சேர்த்தே கேட்போம்; ஒன்றை விட்டு மற்றொன்றைக் கேட்கமாட்டோம்.

போரும் இடப்பெயர்வும் தீவகத்தை வெறுமையாக்கின. 1990, 1991 ஆம் ஆண்டுகளிலே மக்கள் பெருந்தொகையாக வெளியேறினார்கள். வசதி படைத்தோர் பலர் கடல் கடந்து நிலைத்துவிட்டனர். திரும்பி வந்து குடியிருப்போருள் எமது சமூகத்தவரின் தொகை கணிசமானது. ஆயினும் காணிகளின் உறுதி வெளிநாட்டிலே இருக்கின்றது. நல்ல தண்ணீர்க் கிணறுகள் பல பூட்டிய படலைக்குள்ளே தூர்ந்து கிடக்கின்றன. மறுபுறம், ஆண்டுக்கு ஒரு மாதம் வந்து தங்குவதற்காகக் கட்டப்படும் பெரிய வீடுகளுக்குக் குழாய்க்கிணறு துளைக்கப்படுகின்றது. நாம் அவர்களைப் பகைக்க விரும்பவில்லை. அவர்களுடைய ஊர்ப்பற்றை மதிக்கின்றோம். கோயிலுக்கும் மண்டபத்துக்கும் அவர்கள் வாரி வழங்குவதையும் அறிவோம். அவர்களிடம் நாம் வேண்டுவது மூன்றே: உங்கள் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி ஊருக்குத் திறந்துவிடுங்கள், ஆழத் துளைக்க வேண்டாம், கூரை நீரைச் சேர்க்கத் தொட்டி கட்டுங்கள்.

இனி, இளைஞர்களே, உங்கள் கையிலே ஆகவேண்டியவற்றைக் கூறுகின்றோம்.

முதலாவது, அளத்தல். அளக்காத ஒன்றை எவரும் காக்க முடியாது. நீரின் மின்கடத்துதிறனைக் காட்டும் கையடக்கக் கருவியொன்றைச் சங்கம் வாங்குவது பெருஞ்செலவன்று. ஒவ்வொரு குடியிருப்பிலும் சில கிணறுகளைத் தெரிந்து, மாதந்தோறும் நீர் மட்டத்தையும் உவர்த் தன்மையையும் ஒரு கொப்பியிலே எழுதி வாருங்கள். விஞ்ஞானம் கற்கும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த செய்முறைப் பாடம் கிடையாது. ஐந்து ஆண்டுகளின் பின் அந்தக் கொப்பி எந்த அதிகாரியின் மேசையிலும் பேசும்.

இரண்டாவது, கூரை நீர். ஒரு ஏக்கர் நிலத்திலே 1,000 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 40 இலட்சம் லீற்றர் ஆகும். 500 சதுர அடிக் கூரையிலே வீழ்வது ஏறத்தாழ 46,000 லீற்றர். அதில் கால்வாசி வீணாகினும் 34,000 லீற்றருக்குக் குறையாது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் எனக் கொண்டால், மழை குறைந்த எட்டு மாதங்களுக்கு 6,000 லீற்றர் போதும். 5,000 லீற்றர் கொள்ளும் சீமெந்துத் தொட்டியொன்று அதன் பெரும் பகுதியைத் தாங்கும். சித்திரை மழை மீதியை நிரப்பும். முதல் மழையை வழியவிட்டு, தொட்டியை மூடி, நுளம்பு புகாது வலை கட்டினால் அது கிணற்றை விட நம்பத்தக்க நீராகும். கிணற்றிலே குடிநீருக்காக இறைக்கும் அளவும் அதனால் குறையும்.

மூன்றாவது, குளமும் கேணியும். கமநல சேவை நிலையத்தையும் பிரதேச சபையையும் அணுகி, தூர்ந்த குளங்களை மாரிக்கு முன் தோண்டச் செய்யுங்கள். சிரமதானத்துக்கு நாமும் மண்வெட்டியுடன் செல்வோம். ஆனால் ஒரு நிபந்தனை: எமது உழைப்பால் ஆழமாகும் குளம் எல்லோருக்கும் பொதுக் குளமாக இருத்தல் வேண்டும். வெறுங்கூலியாகச் சென்று வெட்டிவிட்டுக் கரையிலே நிற்கும் காலம் போயிற்று.

நான்காவது, பொதுக் கிணறுகளின் பட்டியல். எந்தக் கிணறு பொது, எது தனியார், எதிலே யார் அள்ளுகின்றனர், எது பூட்டப்பட்டுள்ளது என ஊர்தோறும் எழுதி வையுங்கள். எங்கேனும் சாதி காரணமாக எவரையும் தடுத்தால் 1957 ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் உண்டு என்பதை நினைவூட்டுங்கள்.

ஐந்தாவது, சட்டமும் கேள்வியும். மணல் அகழவும் கல் அகழவும் அனுமதிப் பத்திரம் வேண்டும். அனுமதியின்றி அள்ளுவோரை ஊரவர் சேர்ந்து முறையிடலாம். நீர்ப் பரிசோதனை அறிக்கைகளை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். இவ்வாறு மனு எழுதவும், பதில் வராதபோது மேன்முறையீடு செய்யவும் தெரிந்த பத்து இளைஞரை இச்சங்கம் உருவாக்குமாயின், அதுவே வெள்ளி விழாவின் சிறந்த நினைவுச் சின்னமாகும்.

பெரியோர்களே, கல்வி என்பது உத்தியோகத்துக்கு மட்டும் உரிய ஏணியன்று. எம் முன்னோர் உடலால் உழைத்து நீரை மேலே கொண்டுவந்தார்கள். அடுத்து வந்தோர் போராடி அந்த நீரைத் தொடும் உரிமையைப் பெற்றார்கள். கற்ற தலைமுறைக்கு உரிய பங்கு, அந்த நீர் நாளையும் நன்னீராகவே இருக்குமாறு அறிவினாற் காப்பதாகும். தீவின் அடியிலே மிதக்கும் அந்த மெல்லிய நீர்ப்படை சாதி அறியாது. மேட்டுக் கிணறும் பள்ளத்துக் கிணறும் அங்கே ஒன்றே. ஆகவே அதனைக் காக்கும் பணியிலே ஊர் முழுவதும் எம்முடன் சேர வேண்டும் என அழைப்பதற்கும் எமக்கு உரிமை உண்டு. அவர்கள் முன்வரத் தாமதித்தால், நாம் தொடங்கி வைப்போம்.

வருகின்ற மாரி தொடங்குமுன் முதற்கொப்பியும் முதற்தொட்டியும் ஆயத்தமாகட்டும். சங்கம் தழைத்து ஓங்குக! தீவகம் நீர்வளம் பெறுக!